மலையின் உயரம் பாலிசியில் எழுதப்பட்டிருக்க வேண்டும்

வெளிநாட்டு மலைநடைக்கான பயணக் காப்பீடு குறித்து எங்கள் குழுவின் நிலைப்பாடு

டெல்லியில் வாழும் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் மலைநடைக் குழு, உறுப்பினர்களைக் கூட்டிப் பேசி எடுத்த முடிவை இங்கே பொதுவில் வைக்கிறோம். இனி எங்கள் ஏற்பாட்டில் வெளிநாட்டு மலைகளுக்குச் செல்லும் ஒவ்வொருவரிடமும் தனிப் பயணக் காப்பீடு இருக்க வேண்டும். அந்தப் பயணத்தில் ஏறப்போகும் உச்ச உயரம்வரை நடப்பதற்கு அது செல்லும் என்பதும், அங்கிருந்து ஹெலிகாப்டரில் இறக்க நேர்ந்தால் செலவை ஏற்கும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாதவரை அழைத்துச் செல்ல மாட்டோம். மூத்த உறுப்பினர், பல மலைகள் ஏறியவர், குழுப் பொறுப்பாளர் என்று யாருக்கும் இதில் சலுகை கிடையாது.

இதை இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் நேபாளம். டெல்லியிலிருந்து காட்மாண்டுவுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. 2014 நவம்பரில் தொடங்கிய நேரடிப் பேருந்து அம்பேத்கர் ஸ்டேடியத்திலிருந்து புறப்பட்டது. இந்தியருக்கு விசா வேண்டாம், வாக்காளர் அட்டையே போதும். அதனால் நம்மில் பலருக்கு அது வெளிநாடாகவே தோன்றுவதில்லை. ஆனால் நாம் ஆண்டுதோறும் பணம் கட்டும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் இந்திய எல்லைக்குள் பெறும் சிகிச்சைக்குத்தான். டெல்லியின் ராமகிருஷ்ணபுரத்திலும் சரோஜினி நகரிலும் பெரிய பலமாக இருக்கும் சி.ஜி.எச்.எஸ். என்ற மத்திய அரசு மருத்துவத் திட்ட அட்டை, எவரெஸ்ட் வழியிலுள்ள நாம்சே பஜாரிலிருந்து ஒருவரைக் கீழே இறக்கப் பயன்படாது.

உயரத்தைப் பற்றி முதலில் பேச வேண்டும். பயணக் காப்பீட்டில் ஆளைக் கைவிடுவது பெரும்பாலும் அங்கேதான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,500 மீட்டரைத் தாண்டினாலே உயர மலை நோய் வரலாம். நேபாளத்தில் எளிய நடை என்று சொல்லப்படும் பூன் ஹில் 3,210 மீட்டர். அன்னபூர்ணா அடிவார முகாம் 4,130. எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364. ஆப்பிரிக்காவின் கிளிமாஞ்சாரோ 5,895. பாலிசிகளோ 3,000, 4,000, 4,500 என்று ஆளுக்கொரு வரம்பு வைத்திருக்கின்றன. சிலவற்றில் மலைநடையே சாகச விளையாட்டு என்ற பெயரில் முழுமையாக விலக்கப்பட்டிருக்கும், அல்லது கூடுதல் பிரீமியம் கட்டினால் மட்டும் சேரும். 4,000 மீட்டர் வரம்புள்ள பாலிசியோடு எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகிறவர், நடையின் கடினமான நாட்களில் காப்பீடே இல்லாமல் நடக்கிறார். மூச்சு திணறி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது அந்த உயரத்தில்தான் அதிகம். அந்த நிலையில் இருப்பவரை மணிக்கணக்கில் தாமதிக்காமல் கீழே இறக்கியாக வேண்டும்.

முக்திநாத் போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 108 திவ்ய தேசங்களில் திருச்சாளக்கிராமம் என்று போற்றப்படும் தலம் என்பதால் தமிழ்நாட்டிலிருந்து வயதானவர்கள் நிறையப் பேர் செல்கிறார்கள். கோயிலுக்கு அருகில்வரை ஜீப் போகிறது, அதனால் அதை மலைப் பயணம் என்று அவர்கள் நினைப்பதில்லை. 820 மீட்டர் உயரத்திலுள்ள போக்ராவிலிருந்து சிறிய விமானத்தில் ஏறி ஜோம்சோமில் இறங்கி, 3,700 மீட்டருக்கு மேலுள்ள சந்நிதியை அன்றைக்கே அடைந்துவிடலாம். உடல் பழகிக்கொள்ள அவகாசமே இல்லை. நடந்து ஏறுகிறவரைவிட ஜீப்பில் ஏறுகிறவருக்கு இந்த இடத்தில் ஆபத்து அதிகம் என்பதே எங்கள் கருத்து.

அதே முக்திநாத்துக்கு மேலே 5,416 மீட்டரில் தோரோங் லா கணவாய் இருக்கிறது. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹுட்ஹுட் புயலின் எச்சம், இரண்டு நாள் கழித்து அங்கே பனிப்புயலாக இறங்கியது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெளிநாட்டு நடையாளர்களும் நேபாள வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் அதில் அடக்கம், இந்தியர்களும் உண்டு. மலையேற்றத்துக்கு மிக நல்ல மாதம் என்று எல்லோரும் சொல்லும் அக்டோபரில்தான் அது நடந்தது.

அடுத்தது பாலிசியின் விலக்குகள் பகுதி. கயிறோ வழிகாட்டியோ தேவைப்படும் மலையேற்றத்துக்குக் காப்பீடு செல்லாது என்று ஒரு வாசகம் பல பாலிசிகளில் இருக்கிறது. சிகரம் ஏறுகிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட வரி அது. ஆனால் நேபாளத்தில் 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு நடையாளர்கள் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு செல்ல வேண்டும் என்பது விதி. சட்டப்படி ஒருவரை அழைத்துப் போவதே கிளெய்மை மறுக்கக் காரணமாகிவிடுமா? இந்தக் கேள்வியைப் பணம் கட்டுவதற்கு முன்பே நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலில் வாங்குங்கள். ஏஜென்ட் தொலைபேசியில் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்று சொல்வதை எங்கள் குழு பதிலாக ஏற்காது.

ஹெலிகாப்டர் விஷயத்தில் பலர் தவறான நம்பிக்கையோடு இருக்கிறார்கள். பாலிசி இருந்தாலே ஹெலிகாப்டர் வந்துவிடாது. பாலிசியில் ஓர் அவசர உதவி எண் இருக்கும். அந்த எண்ணை அழைத்து, நோயாளியின் நிலையைச் சொல்லி, அவர்கள் ஒப்புதல் தந்த பிறகு பறந்தால்தான் செலவு ஏற்கப்படும். ஒப்புதல் வாங்காமல் பறந்தால், சில ஆயிரம் டாலர் கட்டணத்தைக் கையிலிருந்து கட்ட நேரிடலாம். எனவே எங்கள் பயணங்களில் ஒவ்வொருவரின் பாலிசி எண்ணும் உதவி எண்ணும் மூன்று இடங்களில் இருக்கும்: அவரவர் பையில், குழுத் தலைவரிடம், டெல்லியில் இருக்கும் குடும்பத்தாரிடம். மலையில் சிக்னல் கிடைக்காதபோது டெல்லியிலிருந்து ஒருவர் பேச முடிவதே பெரிய உதவி.

முன் ஒப்புதல் என்ற கட்டுப்பாட்டை நிறுவனங்கள் காரணமில்லாமல் வைக்கவில்லை. 2018இல் நேபாளத்தின் ஹெலிகாப்டர் மீட்பு மோசடி உலகம் முழுக்கச் செய்தியானது. லேசான தலைவலிக்கே நடையாளர்களைப் பயமுறுத்தி ஹெலிகாப்டரில் ஏற்றினார்கள். ஒரே ஹெலிகாப்டரில் பலரை ஏற்றிவிட்டு ஒவ்வொருவரின் காப்பீட்டு நிறுவனத்திடமும் தனித்தனியாக முழுக் கட்டணம் கேட்டார்கள். ஆள் கொண்டுவந்தவருக்கு மருத்துவமனையிலிருந்து தரகு போனது. உணவில் சோடா மாவைக் கலந்து வயிற்றைக் கெடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டுகூட எழுந்தது. நேபாள அரசு விசாரணை நடத்தியது. வெளிநாட்டுக் காப்பீட்டுத் துறையினர் நேபாளத்துக்குப் பாலிசி தருவதையே நிறுத்திவிடுவதாக எச்சரித்தார்கள். ஆகவே தேவையில்லாத ஹெலிகாப்டரை மறுப்பதும் எங்கள் நிலைப்பாட்டின் ஒரு பகுதி. இன்று பொய்யாக ஒருவர் பறந்தால், நாளை உண்மையாகவே மூச்சு முட்டுகிறவருக்கு ஒப்புதல் தாமதமாகும்.

அதே 2018 ஜூலையில் இன்னொரு பாடமும் கிடைத்தது. தனியார் சுற்றுலா நிறுவனங்கள் மூலம் கயிலை யாத்திரை சென்று திரும்பிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள், மழையாலும் மேகமூட்டத்தாலும் நேபாளத்தின் சிமிகோட்டிலும் ஹில்சாவிலும் திபெத் பக்கத்திலும் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். காட்மாண்டுவிலுள்ள இந்தியத் தூதரகம் தமிழ் உள்ளிட்ட தென்னிந்திய மொழிகளில் பேசும் உதவி எண்களைத் திறக்க வேண்டியிருந்தது. உடல்நலக் குறைவால் இறந்தவர்களும் உண்டு. பலரும் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. காப்பீட்டில் வரும் ஹெலிகாப்டர், நோய்க்கும் காயத்துக்கும் மட்டுமே. வானிலையால் மாட்டிக்கொண்டவரை அழைத்து வர அது பொதுவாகப் பயன்படாது. அந்தச் செலவுக்குத் தனிக் கையிருப்பு வேண்டும். நாட்களிலும் இடம் விட்டு வைக்க வேண்டும். எவரெஸ்ட் நடைக்கான விமான நிலையம் இருக்கும் லுக்லாவில் மேகம் இறங்கினால் விமானங்கள் இரண்டு மூன்று நாள்கூட நிற்கும். பயணம் முடியும் தேதியோடு பாலிசியும் முடிந்தால், திரும்பி வரும் வழியில் ஆள் பாதுகாப்பின்றி நிற்பார். குறைந்தது ஐந்து நாட்களைக் கூடுதலாகச் சேர்த்தே பாலிசி எடுக்கச் சொல்கிறோம்.

வெளியுறவு அமைச்சகம் நடத்தும் கயிலை மானசரோவர் யாத்திரை, ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2025இல் மீண்டும் தொடங்கியது. லிபுலேக் வழியும் நாதுலா வழியும் செல்லும் யாத்ரிகர்கள் முதலில் டெல்லிக்குத்தான் வருகிறார்கள், இங்கேதான் மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. அவர்கள் கையெழுத்திடும் தாள்களில் ஒன்று, சீனப் பகுதியில் இறக்க நேர்ந்தால் உடலை அங்கேயே தகனம் செய்யச் சம்மதம் தரும் படிவம். அந்தத் தாளில் கையெழுத்துக் கேட்கும் அரசு, அதே மேசையில் காப்பீட்டுத் தாளையும் வைக்கலாமே என்பது எங்கள் வேண்டுகோள். யாத்திரைக் கட்டணத்திலேயே உயரத்துக்கேற்ற குழுக் காப்பீட்டைச் சேர்த்துவிட வேண்டும் என்று வெளியுறவு அமைச்சகத்தைக் கேட்டுக்கொள்கிறோம். மானசரோவருக்கும் முக்திநாத்துக்கும் செல்லும் பக்தர்களுக்கு உதவித்தொகை வழங்கும் தமிழ்நாடு அரசிடமும் இதே வேண்டுகோளை வைக்கிறோம். உதவி பெறுகிறவரிடம் காப்பீட்டுச் சான்றும் கேட்கப்பட வேண்டும்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விண்ணப்பத்தில் அதை மறைக்காதீர்கள். சொன்னால் பிரீமியம் கூடும், சில நிறுவனங்கள் மறுக்கவும் செய்யும், உண்மைதான். ஆனால் கிளெய்ம் வரும்போது காட்மாண்டு மருத்துவமனையின் கேஸ் ஷீட்டில், எத்தனை ஆண்டாக என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது முதல் வரியிலேயே இருக்கும். மறைத்தது தெரிந்தால், சர்க்கரைக்குத் தொடர்பே இல்லாத எலும்பு முறிவுக்கும் சண்டை போட வேண்டி வரும். உங்களுக்குத் தர ஒரு நிறுவனமும் முன்வரவில்லை என்றால் எங்களிடம் சொல்லுங்கள். 2,500 மீட்டருக்குக் கீழான வழிகளும் எங்கள் பட்டியலில் இருக்கின்றன.

விமான டிக்கெட்டோடு சில நூறு ரூபாய்க்கு ஒட்டிக்கொண்டு வரும் காப்பீட்டை நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கேட்காமலே அதைக் கூடையில் சேர்ப்பதையும், வேண்டாம் என்பவரைப் "பாதுகாப்பில்லாமல் இருந்துகொள்கிறேன்" என்ற பொத்தானை அழுத்த வைப்பதையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் பெயர் சொல்லியே தடை செய்துள்ளன. ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ பாலிசியையும் அப்படியே கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. அது தூதரகத்தின் நிபந்தனையை நிறைவு செய்யும். ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கில் கால் உடைந்தால் அந்த விளையாட்டு அதில் அடங்குமா என்பது வேறு கேள்வி. தாய்லாந்தில் ஸ்கூபா டைவிங்குக்கும் இது பொருந்தும்.

எங்கள் கூட்டத்தில் எதிர்ப்பும் இருந்தது. காப்பீடு அவரவர் விருப்பம், மாணவர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் இது சுமை என்று சிலர் வாதிட்டார்கள். சுமை என்ற வாதத்தை மதிக்கிறோம். பணம் போதாத உறுப்பினருக்குக் குழுவின் நிதியிலிருந்து பிரீமியத்தில் பாதியைத் தருவோம். ஆனால் அவரவர் விருப்பம் என்பதை ஏற்க முடியவில்லை. 5,000 மீட்டரில் ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் தங்கள் கார்டுகளை எடுத்துத் தேய்க்கிறார்கள், வழிகாட்டி இரவில் தன் உயிரைப் பணயம் வைத்து இறக்குகிறார், ஊரில் குடும்பம் கடன் வாங்குகிறது.

வழிகாட்டியையும் சுமைதூக்கியையும் பற்றி எங்கள் கூட்டத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நம் பையைச் சுமப்பவருக்குக் காப்பீடு இருக்கிறதா, அவரை ஹெலிகாப்டரில் இறக்கும் செலவு அதில் அடங்குமா என்பதற்கான தாளைக் கண்ணால் பார்க்காமல் எங்கள் குழு எந்த நேபாள நிறுவனத்துக்கும் முன்பணம் தராது. நமக்கு நோய் வந்தால் ஹெலிகாப்டர், அவருக்கு வந்தால் கழுதைப் பாதை என்ற ஏற்பாட்டில் நாங்கள் பங்குபெற மாட்டோம்.

காப்பீட்டு நிறுவனங்களிடமும், காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யிடமும் நாங்கள் கேட்பது ஒன்றே. பயணப் பாலிசியின் முதல் பக்கத்தில், காப்பீட்டுத் தொகைக்குப் பக்கத்திலேயே, எத்தனை மீட்டர் உயரம்வரை செல்லும் என்ற எண்ணை அச்சிடுங்கள். மலைநடைக்குச் செல்லாது என்றால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். நாற்பதாம் பக்கத்தில் அந்த வரியைத் தேட வைப்பது நேர்மையான வியாபாரம் அல்ல.

கிளெய்ம் நியாயமின்றி மறுக்கப்பட்டால் ஓய்ந்துவிடாதீர்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் செய்யுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, டெல்லிவாசிகள் ஆசஃப் அலி சாலையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். தரை வழியாக நேபாளம் போகும் இந்தியருக்குப் பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது. பேருந்துச் சீட்டையும் நடை அனுமதித் தாளையும் பத்திரமாக வைத்திருங்கள்.

அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுப்பவர்கள், பிரீமியம் கட்டுவதற்கு முன்பே பாலிசி வாசகத்தின் முழுப் பிரதியை எங்களுக்கு அனுப்புங்கள். விளம்பரத் துண்டோ ஒரு பக்கச் சுருக்கமோ போதாது. உட்கார்ந்து வரி வரியாகப் படித்து, எந்த இடத்தில் சந்தேகம் என்று சொல்லக்கூடியவர்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். உறுப்பினர் அல்லாதவர்களும் அனுப்பலாம்.