அந்தோனியாரை அவர் பாட்டில் விடுங்கள்

தொலைந்த பொருளைத் தேடித் தருபவர் அந்தோனியார் என்பது சனங்களின் நம்பிக்கை. அண்மைக்காலச் செய்திகளைப் பார்த்தால், கச்சதீவு அந்தோனியாரிடம் பெரிய மனிதர்கள் தேடித் தரக் கேட்பது அவர் குடியிருக்கும் தீவையேதான். 2024 மார்ச் இறுதியில், மக்களவைத் தேர்தல் நெருங்கிய நேரத்தில், இந்தியப் பிரதமர் மோடிக்குக் கச்சதீவு ஞாபகம் வந்தது. 2025 ஏப்ரல் 2இல் தமிழகச் சட்டமன்றம் அதை மீட்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. ஓகஸ்டில் மதுரை மாநாட்டு மேடையில் தமிழக வெற்றிக் கழகத் தலைவர் விஜயும் கேட்டார். செப்டெம்பர் முதலாந் திகதி எமது ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க நேரிலேயே போய் இறங்கிவிட்டார். குடிக்க நன்னீர் இல்லாத 285 ஏக்கர் தரைக்கு இத்தனை சொந்தக்காரர் இருப்பது, யாழ் தீவகத்துச் சாட்டியில் இருக்கும் எமக்குத் தெரியாமற் போயிற்று.

எம்மைப் பழமைவாதிகள் என்பார்கள். என்றால் என்ன? ஒரு வழமை ஒழுங்காக நடந்துகொண்டிருந்தால், அதில் கைவைக்க வருகிறவர் முதலில் காரணம் சொல்லவேண்டும் என்கிறோம், அவ்வளவுதான்.

கச்சதீவின் வழமை எளிமையானது. தங்கச்சிமடத்துச் சீனிக்குப்பன் படையாச்சி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியதாகச் சொல்லப்படும் சிற்றாலயம். ஆண்டுக்கு ஒரு திருவிழா. முதல்நாள் மாலை கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவில் சொரூபப் பவனி. மறுநாள் காலை திருப்பலி. இராமேஸ்வரத்தாரும் நெடுந்தீவாரும் ஒரே மணலில் படுத்தெழும்புவார்கள். அங்கிருந்து வந்த சேலையும் இங்கிருந்து போன சவர்க்காரமும் கைமாறும். 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கடலில் கோடு கிழித்தபோதுகூட, இந்திய யாத்திரிகர் விசா இல்லாமல் வந்துபோகலாம் என்று எழுதிவைத்தார்கள். விட்டுக்கொடுக்கும் சுபாவத்துக்குப் பேர்போனவர்கள் அல்லர் அந்த இருவரும். அவர்களே தொடாத ஒன்றை இன்றைய தலைவர்கள் தொட்டுப் பார்க்கத் துடிக்கிறார்கள்.

போர் அந்தத் திருவிழாவை நிறுத்தியது. போருக்குப் பின் அது மீண்டது. 2016இல் கடற்படை புதிய ஆலயம் கட்டிக் கொடுத்தது. அதற்கு நன்றி சொல்ல எமக்குத் தயக்கமில்லை. ஆனால் 2023 மார்ச்சில் அங்கே புத்தர் சிலை இருக்கும் செய்தி வெளியே வந்தது. கடற்படையினர் வழிபட வைத்தது என்று விளக்கம் தந்தார்கள். அவர்கள் வழிபடக்கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. முகாம் வாசலைத் தாண்டி வழிபாடு வளர்ந்துபோவதைத்தான் வடக்கில் நிறையப் பார்த்துவிட்டோம். நயினாதீவைப் பாருங்கள்: நாகவிகாரைக்குப் போகும் சிங்கள யாத்திரிகரும் நாகபூஷணி அம்மனிடம் போகும் எம்மவரும் குறிகாட்டுவான் துறையில் ஒன்றாகத்தான் நிற்கிறார்கள். அங்கே இடிபாடு உண்டு, மதச்சண்டை இல்லை. நயினாதீவில் 67 அடிப் புத்தர் சிலை எழுப்பப் புறப்பட்ட 2016இல்தான் பிரச்சினை கிளம்பியது. அதைக் கிளப்பியவர்கள் வரிசையில் நின்ற யாத்திரிகர் அல்லர்.

ஜனாதிபதியின் பயணத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மார்க்சியம் படித்து வளர்ந்த கட்சியின் தலைவர் அந்தோனியார் தீவில் நிற்கிறார். தமிழ்த் தேசியக் கட்சிகள் கரையில் நின்று பார்க்கின்றன. 2024 நவம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை அள்ளிக்கொண்ட ஜனாதிபதியின் அணிக்கு அந்தத் தெம்பு வருவது இயல்புதான். தீவு இலங்கைக்கு உரியது என்பதில் எமக்கும் மறுப்பில்லை. அதைச் சொல்ல, திருவிழா மணல்தானா கிடைத்தது?

உண்மையில் தொலைந்துபோவது வேறு. இரவில் தமிழகக் கரையிலிருந்து வரும் இழுவைமடிப் படகுகள் நெடுந்தீவாரின் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. இந்தத் தொழிலை 2017இல் எமது நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடைசெய்தது. அந்தப் படகுகளுக்கோ அந்தச் சட்டம் எந்த மொழியில் எழுதப்பட்டது என்றே தெரியாது. கச்சதீவைக் கேட்கும் மேடைகளில் ஒன்றுகூட இந்த வலைகளைப் பற்றிப் பேசுவதில்லை. 2024இல் இராமேஸ்வரத்து மீனவர், தம்மவர் சிறையிலிருப்பதைக் கண்டித்துத் திருவிழாவுக்கே வராமல் விட்டார்கள். அவர்கள் கோபம் கொழும்பின்மேல், தண்டனை அந்தோனியாருக்கு.

சாட்டியில் சிந்தாத்திரை மாதாவிடம் நேர்ந்துகொண்டு கடலுக்குப் போகிறவன் யாரிடமும் கட்சி அட்டை காட்டுவதில்லை. இங்குள்ள மாவீரர் துயிலுமில்லத்திலும் மாவீரர் நாளான நவம்பர் 27இல் பொதுச்சுடர் ஏற்றும் உரிமை பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தகப்பனுக்கே உரியது. அரசியல்வாதி வந்தால் பின்னால் நிற்கட்டும். கச்சதீவிலும் இதுவே முறையாகட்டும்.

ஆகவே எமது கோரிக்கை பெரிதல்ல. திருவிழாவை யாழ் மறைமாவட்டமும் நெடுந்தீவுப் பங்கும் நடத்தட்டும். கடற்படை படகும் தண்ணீரும் பாதுகாப்பும் தந்துவிட்டு ஒதுங்கி நிற்கட்டும். புதுச் சிலை எதுவும் வேண்டாம். இழுவைமடிப் பிரச்சினையை டில்லியும் சென்னையும் கொழும்பும் வேறொரு நாளில், இருகரை மீனவரையும் பக்கத்தில் இருத்திப் பேசட்டும். அந்தோனியாரிடம் போய்த்தான் தீரவேண்டும் என்று எந்தத் தலைவருக்காவது பக்தி மேலிட்டால் தடையில்லை: குறிகாட்டுவானுக்கு பஸ் எடுத்து வந்து, சனத்தோடு சனமாக வரிசையில் நின்று படகேறட்டும்.