கைத்தொழில் பக்கம்: நேரலைக்கு எத்தனை ஜீபீ போகும்?



நம் மலையகக் குடும்பங்கள் ஓரிடத்தில் இல்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இந்தியா போனவர்கள் நீலகிரியில் இருக்கிறார்கள். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் வன்னிக்குப் போய், அங்கும் யுத்தத்தில் அலைந்தவர்கள் கிளிநொச்சியில் இருக்கிறார்கள். பசறையில் ஒரு கலியாணமோ சாவோ நடந்தால் எல்லோராலும் வந்துவிட முடியாது. ஆகவே கைத்தொலைபேசியில் நேரலையாகக் காட்டச் சொல்கிறார்கள். பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் நான் செய்துவரும் தொழில் இதுதான். போகும் வீட்டிலெல்லாம் முதல் கேள்வி, “அக்கா, எத்தனை ஜீபீ போகும்?” என்பதே. இம்மாதம் அதற்கான கணக்கைப் பார்ப்போம்.

இது கலியாண வீட்டுக் கணக்கு மட்டுமல்ல. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபின் பிள்ளைகளின் படிப்பும் இணையத்துக்குப் போனது. 2021இல் லுணுகலையில் பெரியவர்கள் பிள்ளைகளைக் காட்டுக்குள் அழைத்துப்போய், மலையுச்சியில் சுமார் 30 அடி உயரத்தில் இருந்த மரவீட்டில் ஏற்றி சிக்னல் பிடிக்க வைத்தார்கள். நாட்டின் 43 இலட்சம் மாணவரில் கூடினால் 40 வீதத்தினரே இணைய வகுப்பில் சேர முடிகிறது என்று இலங்கை ஆசிரியர் சங்கத்தின் ஜோசப் ஸ்டாலின் அப்போது சொன்னார். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவானதும் அந்த ஆண்டு மார்ச்சில்தான். அந்தச் சம்பளத்தில்தான் டேட்டாவும் வாங்க வேண்டியிருந்தது.

கணக்கு போடும் வழி

வீடியோ ஒரு விநாடியில் எத்தனை கிலோபிட் போகிறது என்பதே அதன் பிட்ரேட். அந்த எண்ணைப் பாதியாக்குங்கள். வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். மிஞ்சுவது ஒரு மணித்தியாலத்துக்குப் போகும் எம்பீ. 1000 கிலோபிட் என்றால் பாதி 500, அதில் 50 போக 450 எம்பீ.

படத்தையும் குரலையும் சேர்த்து நான் வைத்திருக்கும் அளவுகள் இவை:

குரல் மட்டும்: 64 கிலோபிட். மணிக்கு 29 எம்பீ.
240 அளவுப் படம்: 364 கிலோபிட். மணிக்கு 165 எம்பீ.
360 அளவுப் படம்: 664 கிலோபிட். மணிக்கு 300 எம்பீ.
720 அளவுப் படம்: 2628 கிலோபிட். மணிக்கு 1.2 ஜீபீ.

ஒரு பிள்ளை நாளுக்கு 4 மணித்தியாலம் 720இல் பாடம் பார்த்தால் ஏறக்குறைய 5 ஜீபீ. அதையே 240இல் பார்த்தால் 660 எம்பீதான். ஆசிரியர் பேசுவது மட்டும் போதுமென்றால் 120 எம்பீக்குள் முடியும். உங்கள் கார்டில் ஒரு ஜீபீ என்ன விலையோ அதனால் பெருக்கிப் பாருங்கள்.

அனுப்புகிறவர் கவனிக்க வேண்டியவை

முதலில் நிகழ்ச்சி நடக்கும் இடத்தில், நடக்கும் நேரத்தில், பதிவேற்ற வேகத்தை மூன்று தடவை அளந்து பாருங்கள். மிகக் குறைந்த அளவில் பாதியை மட்டும் பிட்ரேட்டாக வையுங்கள். 1400 கிலோபிட் கிடைத்தால் 360 அளவே சரி. 720 வைத்தால் தாலி கட்டும் நேரத்தில் படம் நின்றுவிடும்.

கணினி இருந்தால் ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். பிட்ரேட்டை மாறாத வகையில் வையுங்கள். கீஃபிரேம் இடைவெளி 2 விநாடி. வகை எச்.264. இது 2003இல் வந்த முறை, பழைய போனிலும் ஓடும். புதிய முறைகள் டேட்டாவை மிச்சம் பிடிக்கும். ஆனால் பழைய போன்கள் திணறும்.

கெமராவை ஸ்டாண்டில் வையுங்கள். அசையும் படத்துக்குப் பிட் அதிகம் தேவை. காற்றில் ஆடும் தேயிலைச் செடிகளுக்கு முன்னால் நிற்க வைப்பதைவிட வெறும் சுவர் நல்லது. மைக்கை பேசுகிறவர் அருகில் வையுங்கள். படம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கேட்காவிட்டால் பொறுக்கமாட்டார்கள்.

யார் செலவு?

சொந்தமாகச் சேவை வாடகைக்கு எடுத்தால் பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் நீங்கள் கட்ட வேண்டும். 40 பேர் ஒரு மணி நேரம் 360இல் பார்த்தால் 12 ஜீபீ. 720 என்றால் 48 ஜீபீ வரை போகும். சிறிய அளவுகளாக மாற்றித் தருவதற்கும் தனிக் கட்டணம் வரும். யூடியூபில் அந்தச் செலவு நமக்கில்லை. நாம் ஒரு அளவு அனுப்பினால் அதுவே சின்ன அளவுகளைச் செய்து தரும். பார்ப்பவர் 144 அல்லது 240ஐத் தெரிவு செய்யலாம். ஆனால் முதல் நேரலைக்கு அனுமதி வர 24 மணித்தியாலம் வரை ஆகும். போனிலிருந்து அனுப்ப 50 சந்தாதாரர் வேண்டும். ஆகவே முன்கூட்டியே ஆயத்தம் செய்யுங்கள்.

இதைத் தொழிலாகச் செய்யும் சகோதரிகள் டேட்டா, பஸ் காசு, தங்கள் அரைநாள் கூலி மூன்றையும் எழுதிக்காட்டி முன்பணம் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டு விடயங்கள்

இணைப்பைப் பட்டியலில் காட்டாமல் வைத்தாலும், கையில் கிடைத்தவர் யாருக்கும் அனுப்பலாம். தன் முகமோ இருப்பிடமோ வெளியே தெரியக்கூடாது என்று நினைக்கும் பெண்கள் நம்மிடையே உண்டு. ஒவ்வொருவரிடமும் கேட்டபின் கெமராவைத் திருப்புங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் தனிப்பட்டதாக மாற்றிவிடுங்கள்.

அனுப்புவது சின்ன அளவாக இருந்தாலும் ஒரு பெரிய பிரதியைக் கணினியில் பதிந்து வையுங்கள். அதற்கு டேட்டா போகாது. 2009இல் வன்னியில் அல்பங்களைக் கைவிட்டு ஓடிய தாய்மாருக்கு ஒரு முகம் பதிவாக இருப்பதன் பெறுமதியை நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு பிரதி எடுத்து, இரண்டு வீடுகளில் வையுங்கள்.