விஞ்ஞானப் புதுமையும் விற்பனை தர்மமும்

புதிய விஞ்ஞான சாதனம் ஒன்றை உருவாக்கி, அதைக் கண்காட்சியில் வைத்து, வர்ண விளம்பரங்களால் அதன் பெருமையை முழங்கிவிட்டால் ஜனங்கள் தாமாகவே வந்து வாங்கிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை நமது தொழிலதிபர்களிடத்தும், அவர்களுக்கு மானியம் வழங்கும் அரசாங்கத்தினிடத்தும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இந்த நம்பிக்கை பிழையானது என்பதே நமது திடமான அபிப்பிராயம். எத்தனை உயர்ந்த புதுமையானாலும், கைக்கெட்டும் விலையும், அதைக் கையாளத் தேர்ந்த ஆட்களும், அண்டை அயலார் கண்ணாரக் கண்ட அத்தாட்சியும் கூடினாலன்றி அது சந்தையில் நிலைபெறாது.

இதற்கு மதுரையே சாட்சி. கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் பொருத்தும் அற்புதத்தை 1949-ஆம் ஆண்டில் லண்டனில் ஹெரால்ட் ரிட்லி என்ற மருத்துவர் முதன்முதலாகச் செய்து காட்டினார். நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும், நம் நாட்டில் கண்புரை அகற்றப்பட்ட ஏழை முதியவருக்குக் கிடைத்தது சோடாபுட்டிக் கண்ணாடிதான்; அது உடைந்தாலோ தொலைந்தாலோ அவருக்கு மறுபடியும் பார்வை மங்கிவிடும். இறக்குமதியான லென்ஸின் விலையோ நூறு டாலரை ஒட்டியிருந்தது. 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில் 1992-இல் ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்பு நிலையம் தோன்றி, அதே லென்ஸை ஏறக்குறைய பத்து டாலருக்கு அளிக்கத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறியது.

விலை குறைந்தது மட்டும் காரியத்தை முடித்துவிடவில்லை. அரவிந்த் மருத்துவமனை சிகிச்சை இலவசம் என்று அறிவித்தும் கிராமத்தார் பலர் வரத் தயங்கினார்கள். பஸ் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, துணைக்கு வருபவர் இழக்கும் கூலி, இவற்றுக்கெல்லாம் மேலாகக் கண்ணில் கத்தி வைப்பார்களே என்ற பயம் ஆகியவை குறுக்கே நின்றன. முகாம் நடத்தி, வாகனத்தில் அழைத்துச் சென்று, உணவளித்து, திரும்பக் கொண்டுவந்து விட்டபோது அந்தத் தடைகள் ஒவ்வொன்றாக விலகின. கட்டு அவிழ்த்து ஊர் திரும்பிய பாட்டி, தெருவில் எதிர்ப்பட்டவரை முகம் பார்த்துப் பெயர் சொல்லி அழைத்தாளே, அதைவிடப் பெரிய விளம்பரம் வேறு எது?

இந்த வழி தர்ம ஸ்தாபனத்துக்குப் பொருந்தும், வியாபாரத்துக்குப் பொருந்தாது என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஆராய்ச்சிக்குச் செலவிட்ட முதலை மீட்க வேண்டியது நியாயமே. ஆனால் சிலரிடம் மிகுதியாகப் பெறுவது போலவே, பலரிடம் சிறிதாகப் பெற்றும் அதை மீட்கலாம். ஆரோலேப் நன்கொடையை நம்பி வாழவில்லை. தன் விற்பனை வருவாயிலேயே நடந்து, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு லென்ஸ் அனுப்புகிறது.

ஆகவே, பொதுப் பணத்திலிருந்து மானியம் பெறும் எந்தப் புதிய சாதனமும் மாதிரியோடும் காப்புரிமையோடும் நின்றுவிட அனுமதிக்கலாகாது. அதன் விலை எவ்வளவு, பழுது பார்ப்பவர் யார், பயிற்சி எங்கே, விளம்பரத்தில் சொல்லும் குணங்களைப் பொதுமக்கள் முன்னிலையில் மெய்ப்பிக்கும் ஏற்பாடு என்ன என்ற கேள்விகளுக்கு விண்ணப்பத்திலேயே விடை கோர வேண்டும். விடை கூறாத திட்டத்துக்கு மானியம் மறுப்பதே அரசாங்கத்தின் கடமை. அவ்விடைகளைக் கூறக்கூடிய உற்பத்தியாளருக்கே ஜனங்களின் நம்பிக்கையும் நீடித்த லாபமும் உரியவை.