ஏழையின் பங்கு களத்திலேயே பிரியட்டும்

நோன்பின் கடைசிப் பத்து வந்துவிட்டால் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கிழக்கிலங்கையின் கரையோர ஊர்களெங்கும் வசதியுள்ள வீடுகளின் படலைகளில் ஏழைப் பெண்கள் காத்து நிற்பார்கள். இருபத்தேழாம் நோன்பன்று கூட்டம் இன்னும் கூடும். ஒவ்வொரு கையிலும் நூறோ இருநூறோ வைக்கப்படும். வாங்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடப்பார்கள். கொடுப்பவரின் நெஞ்சில் ஈரம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காசு ஸகாத் என்றால் கேள்வி எழுகிறது. ஸதகா, கொடுப்பவர் மனமுவந்து தருவது. ஸகாத், வாங்குபவருக்கு உரியது. தனக்குரியதைப் பெற வந்தவரை வெயிலில் நிறுத்தி இருநூறு ரூபாயோடு அனுப்பிவைத்தால் கடமை கழிந்ததாக நாம் நினைக்கலாம். அவருடைய வறுமை மட்டும் அடுத்த நோன்பிலும் அதே படலைக்கு வரும்.

இந்த வழக்கம் உயிரையும் வாங்கியிருக்கிறது. 2020 மே 21 அன்று கொழும்பு மாளிகாவத்தையில், நோன்பு காலத்தில் வர்த்தகர் ஒருவர் பணம் பகிர்ந்த இடத்தில் நெரிசலில் சிக்கி மூன்று பெண்கள் இறந்தார்கள். 2008இல் இந்தோனேசியாவின் பசுருவான் நகரில், ஒரு வீட்டில் ஸகாத் வாங்கக் கூடியவர்களில் 21 பெண்கள் மாண்டார்கள். காவலுக்கு ஆள் போதவில்லை என்பது பாதிக் காரணம்தான். ஊரின் ஏழைகளுக்குரிய பணம் ஒருவர் வீட்டு வாசலில், ஒரே நாளில், முந்தியவருக்கே கிடைக்கும் என்ற நிலை இருக்கும்வரை கூட்டம் முண்டத்தான் செய்யும்.

மார்க்கம் காட்டிய வழி வேறு. ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரைக் குர்ஆன் சொல்லும்போது, ஏழைகளோடு அதைத் திரட்டும் பணியாளர்களையும் சேர்த்தே சொல்கிறது. திரட்டுபவருக்கே பங்கு உண்டென்றால், திரட்டிக் கொடுப்பதே இயல்பான முறை என்பது விளங்கும். எவ்வளவு கொடுப்பது என்பதிலும் நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி தெளிவாக இருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர், தொழில் தெரிந்த ஏழைக்கு அந்தத் தொழிலின் கருவி வாங்கும் அளவுக்கும், வியாபாரிக்கு அவரவர் வியாபாரத்துக்கு வேண்டிய முதல் அளவுக்கும் கொடுக்கலாம் என்று எழுதுகிறார். காய்கறி விற்பவர், ரொட்டி சுடுபவர் என்று தொழில்களைப் பெயர் சொல்லியே பேசுகிறார். இதை நம் ஊருக்குப் பெயர்த்தால் மருதமுனையில் ஒரு கைத்தறி, சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஒரு வலை, ஒரு விதவையின் வீட்டில் தையல் இயந்திரம், நுண்கடனில் மாட்டிய குடும்பத்துக்கு அந்தக் கடனின் விடுதலை. கடனாளியும் அந்த எட்டு வகையில் ஒருவர்தானே.

எங்கிருந்து வரும் இவ்வளவு பணம்? பதில் நெல் வட்டைகளில் விளைகிறது. ஸகாத் என்றதும் நமக்கு நகையும் கடைச் சரக்கும் இரண்டரை வீதமும் நினைவுக்கு வருகின்றன. நெல்லின் கணக்கு அதைவிடப் பெரியது. கடமையாகும் அளவை எட்டிய விளைச்சலில், மழையை நம்பி விளைந்ததென்றால் பத்தில் ஒன்று. செலவழித்து நீர் இறைத்ததென்றால் இருபதில் ஒன்று. பத்தாயிரம் கிலோ அறுத்தவர் குறைந்த வீதத்தில் பிரித்தாலும் ஐந்நூறு கிலோ. அது ஆண்டு நிறையும்வரை காத்திருக்கும் கடமையும் அல்ல. பெரும்போகம், சிறுபோகம் என்று ஒவ்வொரு அறுவடையோடும் வருவது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாரியில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கரைவலைக்காரரின் அடுப்பு கடனில் எரிகிறது. அந்தக் கடன் கழுத்தை நெரிக்கும் வேளையில்தான் பெரும்போக அறுவடை தொடங்குகிறது. வயலும் கடலும் அடுத்தடுத்திருக்கும் இந்தக் கரையில் ஒன்றின் நிறைவு மற்றதன் குறைவைத் தாங்க முடியும். ஆனால் இன்று இயந்திரம் வெட்டிய நெல் வட்டையிலேயே வியாபாரியின் லொறியில் ஏறிவிடுகிறது. கையில் வந்த காசு உரக்கடைக்கும் வங்கிக்கும் போனபின், ஏழையின் பங்கு நோன்புக்குத் தள்ளிவைக்கப்பட்டு, சில்லறையாகச் சுருங்கிவிடுகிறது.

மறுப்புகள் இருக்கின்றன, அவை அற்பமானவையும் அல்ல. ஸகாத் கடமையானவர் தன் கையாலேயே கொடுக்க மத்ஹபில் இடமுண்டு, என் குடும்பத்து ஏழையை எனக்குத் தெரியாதா என்பார்கள். உண்மை. ஒரு பங்கை உறவினருக்கு ஒதுக்குங்கள். ஆனால் பணக்கார உறவு இல்லாத ஏழையை யார் பார்ப்பது? கூட்டு நிதிதான் அவருக்கு உறவு. நிருவாகத்தில் நம்பிக்கையில்லை என்பது இதைவிடக் கனமான மறுப்பு. பைத்துஸ் ஸகாத் நிதியங்கள் கிழக்கில் இயங்கினாலும் பலர் அவற்றை நாடாததற்கு இந்த ஐயம் ஒரு காரணம். அதற்கு மருந்து ஒதுங்கிப்போவதல்ல, கணக்குக் கேட்பது. வந்த தொகையும் சென்ற தொகையும் ஜும்ஆவுக்குப் பின் வாசிக்கப்பட்டு, பள்ளிவாசல் பலகையில் ஒட்டப்பட வேண்டும். பெற்றவர் பெயரும் படமும் எங்கும் வரக் கூடாது. படலைக்கு வருபவரை வெறுங்கையோடு அனுப்பச் சொல்கிறேனா? இல்லை. அவருக்கு ஸதகா கொடுங்கள். அதற்கு எல்லை இல்லை.

போடிமாருக்கும் விவசாயிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் பெரும்போகத்தில் லொறிக்காரர் எடை போடும் முன் ஏழைகளுக்குரிய மூடைகளைத் தனியே எடுத்து வையுங்கள். அவற்றை ஊரின் ஸகாத் நிதியிடம் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அந்த நெல் எந்த வேலைக்கு ஆனது என்று அடுத்த போகத்தில் கேளுங்கள்.