எழுதி வைத்தால் என்ன?

பாஸ்வேர்டை எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது, மனசிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று வீட்டிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் சொல்லித் தருகிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த அறிவுரைதான் திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

தங்கச்சிமடம் மாதிரி ஒரு மீனவ ஊரின் பிரவுசிங் சென்டரில் அரைமணி நேரம் நின்று பார்த்தால் போதும். மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்காக ஒரு தாய் வருகிறார். கணினி முன் இருக்கும் தம்பி ஜிமெயில் கணக்கு ஒன்றைத் திறக்கிறார். பாஸ்வேர்ட்? பிள்ளையின் பெயர், ஒரு @, பிறகு 123. "மறந்துறாதீக அக்கா." மறக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அதை அவ்வளவு எளிதாக வைக்கிறார்கள். பிறகு அதுவே பேஸ்புக்குக்கும் உதவித்தொகைத் தளத்துக்கும் போகிறது. நாடு முழுக்க இதே நிலைதான். அதிகம் பயன்படும் பாஸ்வேர்டுகள் என்று நார்ட்பாஸ் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட இந்தியப் பட்டியலில் முதலிடம் 123456-க்கு. முன்வரிசையில் 'இந்தியா@123'-ம் இருந்தது.

இருபது கணக்குக்கு இருபது பாஸ்வேர்டை எந்த மனிதரும் மனப்பாடம் செய்ய முடியாது. எழுதவும் கூடாது என்றால், ஒன்றையே எல்லாவற்றுக்கும் போடுவதைத் தவிர வேறு வழி என்ன?

அந்த ஒன்று கடினமாக இருந்தால் போதும் என்பார்கள். போதாது. 2021-இல் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தின் எண்ணெய்க் குழாய்கள் நாள்கணக்கில் நின்றுபோயின. அதன் கணினிகளுக்குள் நுழைந்த திருடர்கள் கையில் இருந்தது, கைவிடப்பட்ட ஒரு கணக்கின் பாஸ்வேர்ட். அது சிக்கலானதுதான் என்று தலைமை அதிகாரி ஜோசப் பிளவுண்ட் செனட்டில் சாட்சியமே சொன்னார். ஆனால் அது ஏற்கெனவே கசிந்த பட்டியல் ஒன்றில் கிடந்தது. ஓடிபி போன்ற இரண்டாவது பூட்டும் இல்லை. கொடுத்த கப்பம் சுமார் 44 லட்சம் டாலர். நம் பக்கத்திலும் நடந்தது. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்தில் அந்நியர் நுழைந்தபோது, நிர்வாகக் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்ட் பறிபோனதைக் காவல்துறையே சொன்னது.

பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்று 2003-இல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்துக்காக எழுதிய பில் பர், 2017-இல் அதற்காக வருந்தினார். அதே ஆண்டு அந்த நிறுவனமும் அந்த விதிகளைக் கைவிட்டது. பாஸ்வேர்டைத் தாளில் எழுதி பர்ஸில் வையுங்கள் என்று பாதுகாப்பு வல்லுநர் புரூஸ் ஷ்னையர் 2005-லேயே சொல்லிவிட்டார். எங்கோ உட்கார்ந்து கணக்கை உடைப்பவனுக்குத் தங்கச்சிமடத்து வீட்டு பீரோ எட்டாது. ஏடிஎம் அட்டையோடு பின் நம்பரை எழுதி வைப்பது வேறு விஷயம். அது கண்டிப்பாகக் கூடாது.

இந்தக் கரையில் இன்னொரு காரணமும் உண்டு. கடலுக்குப் போனவரை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால், படகோடு போனும் போய்விடும். படகுக் காகிதங்களின் நகல் அவருடைய மெயிலில் இருக்கும். பாஸ்வேர்ட் யாழ்ப்பாணச் சிறையில் அவர் மனசுக்குள் இருக்கும். வீட்டிலிருப்பவர் யாரிடம் போய்க் கேட்பார்?

எழுத நோட்டு போதும். கணக்குகள் அதிகமென்றால் பாஸ்வேர்ட் மேனேஜர்: ஆண்ட்ராய்டு போனில் கூகுளுடையது உள்ளேயே இருக்கிறது, பிட்வார்டனும் கீபாஸும் இலவசம். ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி பாஸ்வேர்டை அவையே உருவாக்கிச் சேமித்து வைக்கும். "எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் ஆபத்தாச்சே" என்ற கேள்வி நியாயமானது. 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்ட் மேனேஜர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர் பெட்டகங்களே திருடுபோயின. இணைய முகவரிகள் வெளிப்படையாகவே கிடந்தன. ஆனால் பாஸ்வேர்டுகள் மறையாக்கத்தில் இருந்தன. பெட்டகத்தின் சாவியான மாஸ்டர் பாஸ்வேர்டை நீளமாக வைத்தவருடையதைத் திறப்பது மிகக் கடினம். 123 வைத்தவருடையது அப்படியல்ல. பகடை உருட்டி, 7,776 சொற்கள் கொண்ட டைஸ்வேர் பட்டியலிலிருந்து ஆறு சொல் எடுத்தால் அந்த நீளம் கிடைத்துவிடும். பிரபலமான பாட்டு வரி வேண்டாம், அதை யாரும் ஊகித்துவிடலாம்.

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். பிரவுசிங் சென்டர்களும் இ-சேவை மையங்களும் அப்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு: தாங்கள் திறந்துகொடுத்த கணக்குகளின் பாஸ்வேர்டை உரியவரையே உட்காரவைத்து மாற்றச் சொல்வது. புதியதையும், இரண்டாவது பூட்டுக்காகக் கூகுள் தரும் பத்து மாற்றுக் குறியீடுகளையும் தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டி, ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வைக்கச் சொல்லிக் கொடுத்து அனுப்பட்டும்.