பேட்டரியின் மீது முதலில் பழி சுமத்தாதிருங்கள்



தறியில் ஓர் இழை அறுந்தால் நம் ஊர் நெசவாளர் பாவையே வெட்டி எறிவதில்லை. ஆயிரக்கணக்கான இழைகளுக்கிடையே அறுந்ததைத் தேடிப்பிடித்து, முடிச்சிட்டுத் தொடர்கிறார். இந்தப் பொறுமை, நம் பிள்ளைகளின் ரேடியோவால் இயங்கும் மாதிரி ரயில் எஞ்சின் பழுதாகும்போதும் நமக்கு வேண்டும். சார்ஜ் ஏறவில்லை என்றவுடன், "பேட்டரி போய்விட்டது" என்று சொல்லிப் புதியதை வாங்குகிறோம். அது விசாரணையின்றி அளிக்கப்படும் தீர்ப்பு.

விசாரணையைச் சுவரிலிருந்து தொடங்குங்கள். பிளக் பாயிண்டில் மின்சாரம் வருகிறதா? அடுத்து, அதே வகையைச் சேர்ந்த வேறொரு பேட்டரியை அந்தச் சார்ஜரில் இணையுங்கள். அது ஏறினால் சார்ஜர் நல்லது. மூன்றாவதாகச் சுவிட்சைக் கவனியுங்கள். பல மாதிரி எஞ்சின்களில் ஓட்டத்திற்கு ஒரு நிலையும் சார்ஜுக்கு வேறொரு நிலையும் உண்டு. ஓட்ட நிலையில் விட்டுவிட்டால் சார்ஜரின் மின்சாரம் பேட்டரியைச் சென்றடையாது.

பின்னர் மல்டிமீட்டரை எடுங்கள். 7.2 வோல்ட் பேட்டரி தன் முனைகளில் 7 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. ஆனால், சுவிட்ச் சார்ஜ் நிலையில் இருந்தும் சார்ஜர் செருகும் இடத்தில் பூஜ்யமே காட்டுகிறது எனில், குறை பேட்டரியில் இல்லை. இடையிலுள்ள ஃபியூஸிலோ, சுவிட்சிலோ, பற்று விட்டுப்போன கம்பியிலோ இருக்கிறது. சிறிய பழுதுபார்ப்பே போதும்.

ஆயினும், காப்பாற்றக் கூடாத பேட்டரிகளும் உண்டு. லித்தியம் அயன் செல்லின் வழக்கமான அளவு ஏறத்தாழ 3.7 வோல்ட், முழுமையாக ஏறினால் 4.2. மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்து 2.5 வோல்ட்டுக்கும் வெகு கீழே இறங்கிய செல்லை நல்ல சார்ஜர் ஏற்க மறுக்கும். அந்த மறுப்பு பழுதன்று, எச்சரிக்கை. அந்நிலையில் செல்லினுள் உள்ள செம்புத் தகடு கரையத் தொடங்குகிறது. மீண்டும் சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து, உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் உண்டாகித் தீப்பற்றக்கூடும். ஆகவே வேறு சார்ஜரைக் கொண்டு வலிந்து ஏற்றாதீர்கள். வீங்கிய பேட்டரியையும் மீண்டும் பயன்படுத்தாதீர்கள். நிக்கல் வகைக்கான சார்ஜரை லித்தியத்தில் ஒருபோதும் இணைக்காதீர்கள்.

நான் இதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. காஞ்சிபுரத்தில் பல வீடுகளில் தறியும் படுக்கையும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. நூலும் துணியும் மரமும் நிறைந்த அறையில், எல்லாரும் உறங்கும் வேளையில், ஒரு விளையாட்டுப் பொருள் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கலாகாது. வெறுந்தரையில், விழித்திருக்கும் நேரத்தில், கண்பார்வையில் வைத்து ஏற்றுங்கள். கோடை விடுமுறை முடிந்து எடுத்து வைக்கும்போது லித்தியம் பேட்டரியைப் பாதியளவு சார்ஜுடன் வையுங்கள்.

பயனற்றுப்போனதைக் குப்பைத்தொட்டியில் எறியாதீர்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைத்துள்ளன. அவற்றைச் சேகரிக்கும் இடங்களிலேயே ஒப்படையுங்கள்.

அடுத்த முறை எஞ்சின் நின்றுபோனால், பிள்ளையை அருகில் அமர்த்திக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். குற்றம் சாட்டுமுன் ஆராய வேண்டும் என்பதை அப்பிள்ளை உங்கள் கைகளைப் பார்த்தே கற்றுக்கொள்ளும்.