நேற்றைய பாணில் உள்ளிச் சீஸ் பாண்



பீட்ஸாக் கடைகளில் 'கார்லிக் பிரெட்' என்று விற்கிறார்களே, அந்தச் சீஸ் போட்ட உள்ளிப் பாணை இப்போது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் நன்கு அறிவார்கள். கடைக்குக் கூட்டிப் போனால் அதையும் வாங்கித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். அதை வீட்டிலேயே சுலபமாகச் செய்யலாம். அதற்குப் புதுப் பாண் கூடத் தேவையில்லை. நேற்று வாங்கி மிஞ்சிக் கிடக்கும் பாண்தான் இதற்குப் பொருத்தம்.

இந்தத் தின்பண்டத்தின் பிறப்பும் அப்படித்தான். இத்தாலியில் காய்ந்துபோன பாணைத் தணலில் வாட்டி, அதன் மேல் உள்ளிப் பல்லைத் தேய்த்து, ஒலிவ் எண்ணெய் விட்டு உண்பது பழைய வழக்கம். அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியக் குடும்பங்கள் எண்ணெய்க்குப் பதிலாகப் பட்டரைப் பூசின. சீஸ் பின்னால் வந்து சேர்ந்தது. மிஞ்சியதை வீணாக்காத வீட்டுச் சமையலே இன்று கடையில் விலை உயர்ந்த பண்டமாக விற்கப்படுகிறது.

பாண் நமக்குப் புதியதல்ல. 1619 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் மொழியிலிருந்தே 'பாண்' என்ற சொல்லும், அதை வேகவைக்கும் 'போறணை' என்ற சொல்லும் நம்மிடம் வந்தன. அந்தப் பாணின் அருமையை நம்மவர் பட்டறிந்தும் இருக்கிறார்கள். 1990 அக்டோபர் 30 இல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்கள் புத்தளம் முதலான இடங்களில் அகதிகளாக வாழ்ந்தார்கள். குடாநாட்டில் இருந்தவர்களோ பொருளாதாரத் தடையில் வாடினார்கள். அந்த நாட்களைக் கண்ட உம்மாமார் பாண் துண்டைக் குப்பையில் போட மனம் ஒப்பமாட்டார்கள். 2022 இல் எரிவாயு கிடைக்காமல் நாட்டில் பல பேக்கரிகள் மூடப்பட்டதை இளையவர்களும் பார்த்துவிட்டார்கள். எனவே மிஞ்சிய பாணைப் பிள்ளைகள் விரும்பும் பண்டமாக்குவதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பழைய பாண் ஏன் நல்லது? புதுப் பாண் மெதுமையாக இருப்பதால் உருகிய பட்டரைக் குடித்து நைந்துவிடும். ஒருநாள் பழைய பாண் இறுகி இருப்பதால் பட்டரைத் தாங்கி, ஓரத்தில் மொறுமொறுப்பாகும். சூடு ஏறியதும் உள்ளே மீண்டும் மெதுமையாகிவிடும். பாணைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இன்னும் விரைவாக இறுகும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். ஆனால் பூஞ்சணம் பிடித்த பாணையோ, உள்ளே பிசுபிசுத்து நூல்போல இழுபடும் பாணையோ ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். பூஞ்சணம் பிடித்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்தால் போதாது. கண்ணுக்குத் தெரியாமல் அது உள்ளேயும் பரவியிருக்கும்.

தேவையானவை:

பாண் – அரை இறாத்தல் (சுமார் 225 கிராம்). அச்சுப் பாணைவிட மேற்பக்கம் முறுகலான ரோஸ் பாண் சிறந்தது
பட்டர் – 50 கிராம்
உள்ளி – 6 பெரிய பல்
துருவிய சீஸ் – 100 கிராம்
பொடியாக அரிந்த கொத்தமல்லி இலை – 1 மேசைக்கரண்டி
மிளகுத் தூள் – கால் தேக்கரண்டி
இடித்த செத்தல் மிளகாய் – விரும்பினால் சிறிதளவு

செய்முறை:

உள்ளியைத் தோல் நீக்கி, நன்றாக நசுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். நசுக்கிய பிறகுதான் அதன் மணமும் காரமும் முழுமையாக வெளிப்படும். சிறு தாச்சியில் பட்டரை இளக்கி, உள்ளியைப் போட்டு, மெல்லிய தணலில் ஓரிரு நிமிடம் வதக்குங்கள். நிறம் மாற விடாதீர்கள், கருகினால் கசந்துவிடும். இறக்கி, கொத்தமல்லி இலை, மிளகுத் தூள், மிளகாய் சேர்த்துக் கலக்குங்கள். பட்டரிலும் சீஸிலும் உப்பு இருப்பதால் தனியே உப்பு வேண்டாம். பாணை விரல் தடிப்பான துண்டுகளாக வெட்டி, ஒரு பக்கத்தில் இந்தக் கலவையைப் பூசி, மேலே சீஸைத் தூவுங்கள்.

அவண் உள்ளவர்கள் முன்கூட்டியே 200 பாகை செல்சியஸ் சூடாக்கி, எட்டு முதல் பத்து நிமிடம் வைத்தெடுக்கலாம். சீஸ் உருகி அங்கங்கே பொன்னிறப் புள்ளி விழுந்தால் பதம் சரி.

அவண் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். தோசைக்கல்லை மெல்லிய தணலில் சூடாக்கி, முதலில் பூசிய பக்கம் கீழே இருக்கும்படி வைத்து அரை நிமிடம் வாட்டுங்கள். பிறகு திருப்பிப் போட்டு, அப்போது சீஸைத் தூவி, ஆழமான மூடியால் மூடுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் உள்ளிருக்கும் ஆவியிலேயே சீஸ் உருகிவிடும். மூடியின் உட்புறத்தில் சேரும் நீர் பாணில் சொட்டாதவாறு பார்த்துத் திறவுங்கள். இம்முறையில் மேலே பொன்னிறம் வராது. ருசியில் குறை இராது.

சீஸ் வாங்கும்போது:

நூல்போல இழுபட வேண்டுமானால் மொஸரெல்லா வாங்க வேண்டும். அதன் விலை கூடுதல். கொத்மலை போன்ற உள்ளூர்த் தயாரிப்பிலுள்ள சாதாரண சீஸும் நன்றாக உருகும்; இழுபடாது, அவ்வளவுதான். மொஸரெல்லாவில் பாதி, சாதாரண சீஸில் பாதி சேர்த்தால் செலவும் கட்டுப்படும்.

சகோதரிகள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பாலைத் திரைய வைத்துச் சீஸ் ஆக்குவதற்கு 'ரெனெட்' என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். இது கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படுகிறது, நுண்ணுயிர்களிலிருந்தும் தயாரிக்கப்படுகிறது. எதிலிருந்து எடுத்தது என்பது பெட்டியின் மேல் எல்லா நேரமும் எழுதப்பட்டிருக்காது. பன்றி இறைச்சித் துணுக்குகள் கலந்த சீஸ் வகைகளும் வெளிநாடுகளில் உண்டு. ஆகவே ஹலால் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். இலங்கையில் இந்தச் சான்றிதழை முன்பு அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா வழங்கிவந்தது. 2014 முதல் ஹலால் அக்ரடிடேஷன் கவுன்சில் வழங்கிவருகிறது.

பச்சை உள்ளி தின்ற வாடையோடு பள்ளிவாசலுக்குப் போகக் கூடாது என்பது நமக்குத் தெரிந்ததே. சமைத்து வாடை அடங்கிய உள்ளிக்கு அந்தத் தடை இல்லை. ஆகையால் உள்ளியைப் பச்சையாகப் பூசாமல், மேலே சொன்னபடி பட்டரில் வதக்கிக்கொள்வதே நமக்கு ஏற்றது. பிள்ளைகளுக்கும் நாக்கில் காரம் உறைக்காது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. உள்ளி கலந்த பட்டரையோ எண்ணெயையோ போத்தலில் போட்டு மேசையில் வைத்துவிடாதீர்கள். எண்ணெய்க்குள் காற்றுப் படாமல் கிடக்கும் உள்ளியில், வாடையிலும் நிறத்திலும் தெரியாத கொடிய நஞ்சு உருவாகக்கூடும். எஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளைக்குள் முடித்துவிடுங்கள். பெட்டி இல்லாத வீட்டில் அன்றைக்குத் தேவையான அளவு மட்டும் செய்யுங்கள்.

சூப்போடு இரவுச் சாப்பாடாகவும், நோன்பு காலத்தில் கஞ்சிக்குத் துணையாகவும் இது பொருந்தும். சூடு ஆறுமுன் பரிமாறுங்கள். ஆறினால் சீஸ் இறுகிவிடும். இன்று இரவு பாண் மிஞ்சினால் துணியில் சுற்றி வையுங்கள். நாளை மாலை பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு அது உதவும்.